விரத டம்ளர்

சுகிர்தா மருந்துக் குளிசை விழுங்குவதைப் பார்க்க வேண்டும். நான்கு குளிசை, ஒவ்வொன்றும் மாட்டுக்குக் கொடுக்கிற அளவு. வேறு யாரும் என்றால் முகத்தைச் சுளித்து, ஒவ்வொன்றாகப் போட்டு, நெஞ்சைத் தடவி ஒரு நாடகமே நடத்தியிருப்பார்கள். இவள் நான்கையும் ஒரே தரத்தில் வாயில் போட்டு, மடக்கென்று தண்ணீரைக் குடித்துவிட்டு, வாயைத் திறந்து எனக்குக் காட்டுவாள். "பாத்துக்கங்க ஆன்டி, ஒளிச்சு வைக்கல" என்பாள். ஒளிப்பது அவள் குணத்திலேயே இல்லை. அதனால்தான் அவளுக்கு இவ்வளவும் வந்தது.

நான் லீலாதேவி. ஊர் யாழ்ப்பாணம். என் வீட்டுக்காரருடைய அரசாங்க உத்தியோகம் எங்களைக் கண்டிக்குக் கொண்டுவந்தது. அவர் பென்ஷன் எடுத்த பிறகும் திரும்பிப் போக மனம் வரவில்லை. குண்டசாலையில் வீட்டின் முன்னறையைக் கடையாக்கி, போட்டோக் கொப்பி, போனுக்கு ரீலோட், பால்மா, பிஸ்கட் என்று காலத்தை ஓட்டுகிறேன். எதிர்வீட்டு மேல்மாடியில் பல்லேகலப் பக்கம் தையல் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். சுகிர்தா அவர்களில் ஒருத்தி.

அவள் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்து ஒற்றையறைக் காம்பராவில் பிறந்தவள். ஓ.எல். வரை படித்தாள், கண்டியில் ஒரு புடவைக் கடையில் நின்றாள், கல்யாணம் கட்டினாள். கொழும்புக்கு ஹோட்டல் வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். அந்தக் கதையை அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். போனவன் போகட்டும், பிள்ளையை விட்டுவிட்டுத்தானே போனான் என்பாள். அந்தப் பிள்ளை கவிஷா. நான்கு வயது. தோட்டத்தில் சுகிர்தாவின் அம்மாவிடம் வளர்கிறது. சனிக்கிழமை வேலை விட்டதும் இவள் பஸ் ஏறிப் போய், பிள்ளையைக் கட்டிக்கொண்டு படுத்து, திங்கட்கிழமை விடியலில் திரும்பி வருவாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களில் உயிரோடு இருப்பதாகச் சொல்வாள். நான் சிரிப்பேன். பொய் என்று நினைத்ததில்லை.

அவளைத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டது நிரோஷினி. பெரியம்மா மகள், இவளுக்கு அக்கா முறை. இரண்டு பேருக்கும் ஒரே அறை. அக்காவை இவள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாள். அக்கா சொன்னால் சரி, அக்கா செய்தால் சரி.

போன வருடம் அந்த அக்கா விரதம் பிடித்தாள். கல்யாணம் கூடிவர வேண்டும் என்று கதிர்காமத்து முருகனுக்கு நேர்த்தியாம், ஆடி மாதக் கொடியேற்றம் வரைக்கும் ஆறு மாதமாம். மச்சம் மாமிசம் இல்லை. தட்டு தனி, டம்ளர் தனி. பெரியபிள்ளையான சடங்குக்குச் சீராக வந்த, பெயர் வெட்டிய சில்வர் டம்ளர் ஒன்று அவளிடம் இருந்தது. அதில்தான் குடிப்பாள், தானே கழுவுவாள், யாரையும் தொட விடமாட்டாள். மேல்மாடிப் பெண்கள் எல்லாருக்கும் அவள் மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது. சுகிர்தா ஒரு படி மேலே போனாள். அக்காவின் விரதம் கெட்டுப்போகும் என்று ஆறு மாதமும் அறைக்குள் கருவாடு பொரிக்கவில்லை. கருவாடு இல்லாமல் சோறு இறங்காத பிள்ளை அவள்.

விரதத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கொஞ்சக் காலம் இருமல் இருந்தது. கண்டிப் பனியும் குளிரும் யாரைத்தான் விட்டது? ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டு படுத்தார்கள். இருமலும் போனது, விரதமும் முடிந்தது, மாத்தளையில் ஒரு மாப்பிள்ளையும் பொருந்திவந்தான். முருகன் கண் திறந்துவிட்டான் என்று சுகிர்தா எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து தந்தாள். நானும் கண்ணில் ஒற்றிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகுதான் சுகிர்தா இருமத் தொடங்கினாள். பருத்தித் தூசி என்றாள். மாலையானால் காய்ச்சல், இரவில் வேர்வை. சட்டை தொளதொளவென்று தொங்கியது. சளியில் இரத்தம் கண்ட அன்றுதான் பயந்துபோய்க் கண்டி மார்பு நோய்க் கிளினிக்குக்குப் போனாள். காசநோய் என்றார்கள். பயப்பட வேண்டாம், ஆறு மாதம் ஒழுங்காக மருந்து எடுத்தால் முழுவதும் சுகமாகும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு நாளும் தவறக் கூடாது. அதற்காகப் பக்கத்தில் இருக்கிற யாராவது ஒருவர் கண் முன்னால் விழுங்க வேண்டும். அக்காவைத்தான் கேட்டாள். வேலை நேரம் ஒத்துவராது என்று அக்கா கையை விரித்துவிட்டாள். அப்படித்தான் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி என்னையும் கூப்பிட்டு விளங்கப்படுத்தினாள். இந்த நோய் தட்டாலும் டம்ளராலும் வருவதில்லை, மூச்சால் வருவது. மருந்து தொடங்காதவர் அடைத்த அறையில் இருமினால், கூடப் படுத்திருப்பவருக்குள் போகும். மருந்து எடுக்க எடுக்கத் தொற்று அடங்கிவிடும். அதனால்தான் யாரோடு இருந்தாய், யாரோடு படுத்தாய் என்று எல்லாரையும் விசாரித்துச் சோதிக்கிறார்கள். சுகிர்தா அக்காவின் பெயரைச் சொன்னாள், மேல்மாடிப் பெண்களைச் சொன்னாள், பிறகு பிள்ளையின் பெயரைச் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

மருந்து தொடங்கிய இரண்டாம் நாள் காலை கடைக்கு வந்தவள் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"என்ன பிள்ளை, ஏன் விழுங்காமல் நிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"ஆன்டி, சிறுநீர் செக்கச்செவேல்னு போகுது."

மருந்தினால் அப்படித்தான் போகும், மிஸ்ஸி சொன்னாளே என்றேன். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. அவள் கலங்கியது அதற்கில்லை. போன வருடம் மேல்மாடிக் கழிவறையில் அதே நிறத்தை அவள் கண்டிருக்கிறாள். என்னவோ ஏதோ என்று பதறி அக்காவிடம் கேட்டதற்கு, விரதத்துக்குப் பீற்றூட் சாறு குடிப்பதாக அக்கா சொல்லியிருக்கிறாள். இவளும் நம்பி, திங்கட்கிழமைகளில் தோட்டத்திலிருந்து பீற்றூட் சுமந்து வந்து கொடுத்திருக்கிறாள்.

அன்றிரவு அக்காவிடம் நேரே கேட்டாள். நீங்கள் இருந்தது விரதமா, மருந்தா என்று. முதலில் அக்கா கோபப்பட்டிருக்கிறாள், பிறகு அழுதிருக்கிறாள், கடைசியில் ஒப்புக்கொண்டிருக்கிறாள். அந்த இருமல் காசநோய்தான். வேலைக்கு வெள்ளனவே போவதாகச் சொல்லிவிட்டு வேறோர் இடத்தில் குளிசை விழுங்கியிருக்கிறாள். கூட யார் இருக்கிறார்கள் என்று கிளினிக்கில் கேட்டபோது, தனியாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். இல்லாவிட்டால் சுகாதாரப் பரிசோதகர் அறைக்கு வருவார், விஷயம் வெளியே போகும், பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீடு கை நழுவும்.

"உன் டம்ளர நான் தொட்டேனா? உன் தட்டுல சாப்பிட்டேனா?" என்று திருப்பிக் கேட்டாளாம். "உனக்கு வரக் கூடாதுன்னுதானடி அவ்வளவு நாளும் தனியா வச்சுக் குடிச்சேன்."

இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்துக்கு அவள் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. மருந்துக்கு முன்னால் அந்த அடைத்த அறையில் இருமித் தள்ளியது தெரியாமல் நடந்தது, அதை விடுவோம். தெரிந்த பிறகு ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என் தங்கையும் கூட இருக்கிறாள் என்று. அப்போதே இவளைச் சோதித்திருப்பார்கள். இவள் இருமத் தொடங்கியிருக்கவே மாட்டாள். சனிக்கிழமை தோறும் அந்த நோயைப் பிள்ளையின் முகத்தோடு முகம் வைத்துக் கொண்டுபோயிருக்க மாட்டாள்.

நிரோஷினி காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறாள். ஆவணியில் கல்யாணம், அதுவரைக்கும் வாயைத் திறக்காதே, முடிந்ததும் நானே எல்லாருக்கும் சொல்கிறேன் என்று. இவளும் சரியென்றுவிட்டாள். உனக்கு என்ன பைத்தியமா என்று ஏசினேன். ஒரு கல்யாணத்தைக் கெடுத்துத் தனக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று அவள் என்னையே கேட்டாள்.

அடுத்த கிழமை கவிஷாவைச் சோதித்தார்கள். கையில் சோதனை ஊசி போட்ட இடம் பெரிதாகத் தடித்தது. எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் நெறி கட்டியிருந்தது. பிள்ளைக்கும் காசநோய்தான், மருந்து தொடங்கினார்கள். நல்ல வேளை, நேரத்துக்குப் பிடித்துவிட்டார்கள், சுகமாகிவிடும் என்றார் டாக்டர். தனக்கு நோய் என்றபோது இடிந்துபோகாதவள் அன்று என் கடைப் படியில் உட்கார்ந்து எழும்பவே இல்லை. கொஞ்ச நாட்களுக்குப் பிள்ளையோடு படுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அதனால் அந்த ஒரு நாளும் இல்லாமல் போனது.

தோட்டம் முழுக்கக் கதை பரவியது. கார்மென்டுக்குப் போய் நோயை வாங்கி வந்து பெற்ற பிள்ளைக்கே கொடுத்தவள் என்று. சுகிர்தா கேட்டுக்கொண்டிருந்தாள். கிளினிக்கில் உண்மையைச் சொன்னாளே தவிர, வீட்டில் வாய் திறக்கவில்லை. நிரோஷினியும் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் ரீலோட் போட வந்தபோது மெஷின் பழுது என்று திருப்பி அனுப்பினேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

கல்யாணமும் நடந்தது. அதற்குள் சுகிர்தாவின் சளியில் கிருமி இல்லை என்று கிளினிக்கில் சொல்லி, வேலைக்கும் போகத் தொடங்கியிருந்தாள். புதுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். எல்லாருக்கும் எவர்சில்வரில் தண்ணீர், இவளுக்கு மட்டும் பேப்பர் கப். கடைசிப் பந்தியில், ஓரத்தில் இலை. மணவறையிலிருந்து அக்கா பார்த்தாளாம், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். பிறகு மாத்தளைக்குப் போய்விட்டாள். சொல்வதாகச் சொன்னதைச் சொல்லவில்லை. போனையும் எடுக்கவில்லை. அறையில் அவள் விட்டுப்போன சாமான்களில் அந்தப் பெயர் வெட்டிய டம்ளரும் கிடந்தது.

பிள்ளையோடு தாராளமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்ன வாரம், சுகிர்தா அந்த டம்ளரையும் பையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். அக்காவின் தாய், அந்தப் பெரியம்மா, இருப்பது பக்கத்துக் காம்பராதான், கொடுத்துவிடலாம் என்று நினைத்தாளாம். மற்றப்படி ஒன்றும் யோசிக்கவில்லை என்று எனக்குச் சத்தியம் செய்தாள்.

போய்ச் சேர்ந்ததும் வீட்டு டம்ளர் ஒன்றில் தேத்தண்ணி ஊற்றி, தான் ஒரு வாய் குடித்துச் சூடு பார்த்து, பிள்ளைக்கு நீட்டினாள். கவிஷா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டது.

"அது அம்மா குடிச்சது. அம்மா டம்ளர்ல குடிச்சா வருத்தம் வரும். நிரோஷினி பெரியம்மா சொன்னாங்க."

அத்தனை மாதமும் பூட்டி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது. பையிலிருந்து அந்த டம்ளரை எடுத்து, அடுப்படியில் நின்ற அம்மாவின் முன்னால் வைத்தாள். இருமல், விரதம், பீற்றூட், தனியாக இருக்கிறேன் என்று சொன்னது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மா திடுக்கிடுவாள், நெஞ்சில் அடித்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கு ஓடுவாள் என்று காத்திருந்தாள். அம்மா டம்ளரை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாளாம்.

"தெரியும்டி. தனி டம்ளர் வச்சுக்கன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தான். அக்கா மக, கல்யாணம் கூடி வர்ற நேரம். உங்கிட்ட சொன்னா நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டன்னுதான் சொல்லல."

சுகிர்தா பிள்ளையின் உடுப்புகளை எடுத்துப் பையில் போட்டாள். பிள்ளையின் மருந்தையும் எடுத்துக்கொண்டு அன்று பின்னேர பஸ்ஸிலேயே குண்டசாலைக்கு வந்துவிட்டாள்.

இப்போது தாயும் மகளும் என் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறார்கள். அவள் வேலைக்குப் போனால் பிள்ளை கடையில் என்னோடு. அம்மா தோட்டத்திலிருந்து போன் எடுத்தால், கவிஷா நல்லா இருக்கா என்று மட்டும் சுகிர்தா சொல்லி வைத்துவிடுகிறாள். மன்னித்துவிடு என்று நான் சொல்லப் போவதில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த ஒரு வார்த்தையும் பேசியிருக்க மாட்டேன்.

காலையில் இரண்டு பேரும் என் முன்னால் மருந்து எடுக்கிறார்கள். பிள்ளை முகம் கழுவி வருவதற்குள் சுகிர்தா என் டம்ளரில் தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டுவாள். பிள்ளையின் குளிசை தண்ணீரில் கரைவது. அதே டம்ளரில் கரைத்து நீட்டினால், கவிஷா வாங்குவதற்கு முன் என் முகத்தைப் பார்த்து, அம்மா இதில் குடித்தாளா என்று கேட்கும். பிள்ளையின் தலைக்கு மேலால் சுகிர்தா எனக்குக் கண் காட்டுவாள், இல்லை என்று சொல்லச் சொல்லி. நானும் இல்லை என்கிறேன். ஒளிக்கத் தெரியாத சுகிர்தாவுக்கு அதையும் பழக்கிவிட்டார்கள்.