கழுத்தில் கத்தி, வாயில் பஸ் ரூட்

போன வருடம் தீபாவளி முடிந்த கையோடு, பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. நான் சிட்டி பஸ் கண்டக்டர், வீடு ஸ்ரீராம்புரம். சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வந்து, எலும்பெல்லாம் வலித்து, கடைசியில் ரத்தப் பரிசோதனையில் குட்டு வெளிப்பட்டது. தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கின்றனவாம். அதில் ஒன்று கொண்டைக்கடலை அளவுக்கு வீங்கி, எலும்பில் இருக்கும் கால்சியத்தை ரத்தத்தில் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. வெட்டி எடுப்பதுதான் வழி என்றார்கள்.

கத்திக்குக்கூட நான் பயப்படவில்லை. குரலுக்குப் போகும் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே ஓடுகிறதாம்! குரல் போன கண்டக்டர் பஸ்ஸில் ஏறி என்ன செய்வது? வீட்டில் இரண்டு பிள்ளைகள், சம்பாதிப்பது நான் ஒருத்தி.

எனக்கு வீசிங் உண்டு. அதனால் முழு மயக்கம் வேண்டாம், கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, சின்னதாகக் கீறி எடுக்கலாம் என்றார் டாக்டரம்மா.

"நான் கேக்கறப்பல்லாம் பேசுங்கம்மா. கொரல் மாறுச்சுன்னா கைய நிறுத்திடுவேன்."

ஆபரேஷன் மேசையில் படுத்துக்கொண்டு என்ன பேசுவது? சாமி பேர்கூட வாயில் வரவில்லை. பழக்க தோஷம், ரூட்டைச் சொன்னேன். "மெஜஸ்டிக், கார்ப்பரேஷன், ரிச்மண்ட் சர்க்கிள், ஆஸ்டின் டவுன்..." நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. அடுத்த முறை கேட்டபோது, "முந்தெ ஹோகி, முந்தெ ஹோகி" என்று கன்னடத்தில் கூட்டத்தையே முன்னால் தள்ளினேன்.

திடீரென்று 'கார்ப்பரேஷன்' பாதியில் கரகரத்து, வெறும் காற்றுதான் வந்தது. டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் எதையோ மெல்லத் தளர்த்திவிட்டுக் காத்திருந்தார்.

"இப்ப சொல்லுங்கம்மா."

சொன்னேன். கணீரென்று வந்தது!

சுரப்பியை எடுத்த பிறகும் உடனே தைக்கவில்லை. ரத்தத்தை லேபுக்கு அனுப்பி, அந்தச் சுரப்பி சுரந்த ஹார்மோன் குறைந்துவிட்டதா என்று பார்த்துத்தான் தைப்பார்களாம். லேபிலிருந்து போன் வந்தது.

"நல்லா கொறைஞ்சிடுச்சும்மா, தைக்கலாம்."

"ரைட்... போலாம் ரைட்!" என்று நான் கத்தியதில் அந்த அறையே சிரித்தது.

இப்போதும் நெரிசல் நேரத்தில் தொண்டை கிழியக் கத்தும்போது எனக்கு அலுப்பு வருவதில்லை. அன்று டாக்டரம்மாவின் கைக்கு வழி சொன்னது இதே குரல்தானே என்று உள்ளுக்குள் ஒரு திமிர்தான் வருகிறது.