கழுத்து அசையாமல் நாற்பது நிமிஷம்

என் மனைவி எதையும் எண்ணாமல் தூக்க மாட்டாள். வீட்டில் பீரோவை நகர்த்துவதென்றாலும் நாலு பேரை நாலு மூலையில் நிறுத்தி, "மூணு சொன்னதும்" என்பாள். ஒருவன் இரண்டிலேயே தூக்கிவிட்டால் போச்சு, முதலிலிருந்து. ஆம்புலன்சில் நோயாளிகளோடு போகிற வேலை அவளுக்கு, பதினோரு வருஷமாக. நானோ தையல்காரன். "இவன் ஊசி பிடிக்கிறான், அவ ஊசி போடுறா, ஜாடிக்கேத்த மூடி" என்று என் அண்ணன் கேலி செய்வான்.

அண்ணன் பெயிண்டர். அண்ணிதான் கீழே நின்று பெயிண்ட் கலக்கிக் கொடுப்பாள். போன வருஷம் ஒரு காலை, என் கடைக்கு எதிரே பள்ளிக்கூடத்துச் சுவரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினேன். கண் திறந்திருந்தது, பேச்சும் இருந்தது. "என் காலு எங்கடா இருக்கு? தெரியலயே" என்றான்.

அதற்குள் யாரோ ஆட்டோவைக் கொண்டுவந்துவிட்டார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான். ஒருவர் காலைப் பிடித்தார், நான் அக்குளில் கை கொடுத்தேன். மடக்கி உட்கார வைத்தால் ஆட்டோவில் அடங்கிவிடுவான் என்பது எங்கள் கணக்கு. அண்ணி அழுதுகொண்டே என் மனைவிக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, போனை என் காதில் வைத்தாள்.

"கையை எடுங்க."

"என்னது?"

"அவர் மேல இருந்து கையை எடுங்க. எல்லாரையும் எடுக்கச் சொல்லுங்க. கழுத்துல அடின்னா நீங்க தூக்குறதே அவரை முடக்கிடும். தலைமாட்டுல மண்டி போட்டு ரெண்டு பக்கமும் தலையைப் பிடிங்க. அசையக் கூடாது. நான் வந்து சொல்ற வரைக்கும் விடக் கூடாது, உங்க அப்பாவே வந்து சொன்னாலும்."

அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. கோபம் வந்தால் அவளுக்கு உயிரோடு இருப்பவர்கள் போதாது.

பதினெட்டு நிமிஷம் பிடித்திருந்தேன். "உயிர் போற நேரத்துல சட்டம் பேசுறாங்க" என்று ஆட்டோக்காரர் திட்டினார். ஒரு அம்மா அண்ணன் வாயில் தண்ணீர் ஊற்ற வந்தாள், வேண்டாமென்று கத்தினேன். முட்டி மரத்துப் போயிற்று.

ஆம்புலன்சில் வந்து இறங்கினாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணனோடு பேசிக்கொண்டே கழுத்துக்குப் பட்டை போட்டாள். எண்ணினாள். மூன்றில் எல்லோரும் ஒரே ஆளாக அவனைப் புரட்டினோம், பலகை அடியில் போயிற்று. பீரோ தள்ளின பழக்கம் வீண்போகவில்லை.

ஐந்து நிமிஷத் தூரத்தில் ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் முதுகெலும்பு ஆபரேஷனுக்கு அங்கே ஆள் கிடையாது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். பெரியது நாற்பது நிமிஷம். மூச்சையும் நாடியையும் பார்த்தாள், டாக்டரிடம் போனில் கேட்டாள், "நேரா பெரிய ஆஸ்பத்திரி" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டாள்.

அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாசல்ல இருக்கறதைத் தாண்டிப் போறியே, அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னை விட மாட்டேன்."

"விடாதீங்க அக்கா" என்றாள், பிரஷரைப் பார்த்தபடியே.

"நான் நடப்பேனாம்மா?" என்று கேட்டான் அண்ணன்.

"தெரியாது மாமா. பொய் சொல்ல மாட்டேன். மூச்சு நல்லா இருக்கு, கைவிரல் அசையுது. அதைக் கெடுக்காமக் கொண்டு போறதுதான் என் வேலை."

டிரைவர் ஒவ்வொரு வேகத்தடையையும் நிறைமாசக்காரி படி இறங்குவதுபோல் கடந்தார். அவள் வழியிலேயே தகவல் சொல்லியிருந்ததால் வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். எப்போது விழுந்தான், எது மரத்திருக்கிறது, எது அசைகிறது, எல்லாவற்றையும் ஒரே நிமிஷத்தில் ஒப்பித்தாள். மத்தியானமே ஆபரேஷன்.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, "இவரைக் கொண்டு வந்தது யாரு?" என்றார். அண்ணி அவளை முறைத்தாள். அவள் எழுந்து நின்றாள்.

"நரம்பு நசுங்கியிருக்கு, அறுபடல. தூக்கி உட்கார வெச்சிருந்தா இப்போ மூச்சுக்கே மெஷின் கேட்டிருக்கும். நாளைக்கு வந்திருந்தா நான் கையை விரிச்சிருப்பேன். இனி நடக்கறது அவர் பயிற்சியில இருக்கு."

அவள் தலையை ஆட்டிவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் வெளியே கேட்டது. இவளுக்கு வாக்கப்பட்டது நான்தான் என்று வராந்தாவில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் இருந்த ஒருவரிடம் சொல்லியும் விட்டேன்.

அண்ணி அவளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இரண்டு மணிக்கொரு தரம் அண்ணனைப் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி, புண் வராமல் பார்ப்பது எப்படி என்று மட்டும் கேட்டுக்கொள்வாள்.

நாலாவது மாசம், பயிற்சி அறையில், இரண்டு கம்பிகளுக்கு நடுவே அண்ணன் எழுந்து நின்றான். நான் பின்னால், அண்ணி பக்கத்தில். என் மனைவி டியூட்டியில் இருந்தாள். அண்ணி அவளைப் போனில் கூப்பிட்டாள். குனிந்து, போனை அண்ணன் காலடியில் தரையில் வைத்து, "கேளு" என்றாள்.

அண்ணன் ஒரு எட்டு வைத்தான். செருப்பு தரையில் தேய்ந்தது. இன்னொரு எட்டு. மூன்றாவது.

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு என் மனைவி சொன்னாள்: "ஒரு காலை இழுக்கறார் அக்கா. தூக்கி வைக்கச் சொல்லுங்க."