வட்டமும் புள்ளடியும்

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் ஒரு சுற்றுலாத் தகவல் நிலையத்தில் மூன்று கோடைகாலம் வேலை பார்த்தேன். வருகிறவர்களுக்கு வரைபடம் கொடுத்து வழி சொல்ல வேண்டும். நாங்கள் நிற்கும் இடத்தில் ஒரு வட்டம், அவர்கள் போக வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி, இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. எங்கள் மேலாளர் கறாரான வெள்ளைக்காரப் பெண்மணி. அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. வந்தவரிடம் "தெரியாது" என்று சொல்லக் கூடாது. தனிப்பட்டவர்களின் விலாசத்தை எவருக்கும் தேடிக் கொடுக்கக் கூடாது. முதலாவது சட்டம் எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. நயாகராவை ஒரு தரமும் பார்க்காமலே, எந்தப் பக்கம் நின்றால் உடுப்பு நனையாது என்று ஆட்களுக்குச் சொல்லுவேன். அவ்வளவு வாய் எனக்கு.

இரண்டாவது சட்டத்தை எங்கள் ஆள் ஒருவருக்காக மீறினேன்.

ஜெர்மனியிலிருந்து வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், மடிப்புக் கலையாத சேர்ட். நான் தமிழ் என்று கண்டதும் வரிசையை விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, என்ர சகோதரி இஞ்சைதான் எங்கையோ இருக்கிறா. ஆறு வருசமாக் கடிதம் இல்லை. கண்டுபிடிச்சுத் தர ஏலுமோ?"

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது. மேலாளர் உள்ளே இருந்தார். நான் சட்டத்தைச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்.

"நீங்கள் எந்த இடம், அண்ணை?"

ஊரைச் சொன்னார். தகப்பனின் பெயரைச் சொன்னார். சாப்பாட்டு இடைவேளையில் பார்க்டேலில் இருந்த ஓர் அன்ரிக்குப் போன் எடுத்தேன். அந்தப் பக்கத்துக் கட்டடங்களில் எந்தக் கதவுக்குப் பின்னால் யார் என்று அவருக்கு அத்துப்படி. அவர் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார். இரண்டே இரண்டு அழைப்பு. கட்டடம், மாடி, கதவிலக்கம் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. பொலிஸ்காரருக்கு ஒரு மாதம் பிடித்திருக்கும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வரைபடத்தை விரித்து வட்டம் போட்டேன், புள்ளடி போட்டேன். எந்த ஸ்ரீட்காரில் ஏறுவது, எங்கே இறங்குவது, கதவிலக்கம் என்ன என்று ஓரத்தில் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது சந்தோசமாக இருந்தது.

மூன்று கிழமை கழித்து ஒரு பெண் வந்தார். வேலை உடுப்போடு, கையில் ஒரு மடித்த தாள். மேசையில் விரித்தார். என் வட்டம், என் புள்ளடி, என் கையெழுத்து.

"உது நீங்கள் எழுதினதோ?"

"ஓம்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அண்ணை வந்தவர். என்ர மனுசன் வேற ஆக்கள், சாதி வேற. அதுதான் நாங்கள் ஒருத்தருக்கும் விலாசம் குடுக்கிறேல்லை. அண்ணை ரெண்டு மணித்தியாலம் இருந்தவர், எங்கட வீட்டில ஒரு மிடறு தண்ணி குடிக்கேல்லை. இப்ப போன் நம்பரும் சொந்தக்காரர் எல்லாரிட்டையும் போயிட்டுது. அவரை விட்டிட்டு வா, விட்டிட்டு வா எண்டு ஒவ்வொரு நாளும் எடுக்கினம். மகள் எடுத்தால் அவளுக்கும் சொல்லுகினம். அவளுக்கு அஞ்சு வயசு."

எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. கலங்கிய கண்ணைப் பார்த்தேனே தவிர, ஆறு வருடமாக இவர் ஏன் எழுதவில்லை என்று ஒரு தரமும் யோசிக்கவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அக்கா" என்றேன். அது எந்த மூலைக்குக் காணும்?

"சரி, நடந்தது நடந்திட்டுது. நாங்கள் வீடு மாறப்போறம். கிழக்குப் பக்கம் போற ரெயின் ரைம்ரேபிள் ஒண்டு தாங்கோ."

எடுத்துக் கொடுத்தேன். கை பழக்கத்தில் பேனையைத் தூக்கிவிட்டது. எங்கே இறங்க வேண்டும், பிக்கரிங்கா, ஒஷாவாவா என்ற கேள்வியும் வாய்வரை வந்துவிட்டது. அவர் என் பேனையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அதை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். அவர் ரைம்ரேபிளை மடித்துப் பைக்குள் வைத்தார். பழைய வரைபடத்தை என் முன்னாலேயே விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் பார்க்டேல் அன்ரி போன் எடுத்தார்.

"பிள்ளை, அவை ராவோடராவா மாறிப் போட்டினமாம். தமையன் ஜெர்மனியிலயிருந்து கேக்கிறார். உன்னட்டைத்தான் வந்து ரெயின் விசாரிச்சவவாம், ஆரோ கண்டவையாம். எங்கை போனவை?"

"தெரியாது, அன்ரி" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஆனால் எனக்கு உண்மையாகவே தெரியாது.