தெரியலையே என்று சொன்னேன்

திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் இருக்கும் பெண்கள் ஜிம்மில் நான் சேர்ந்த முதல் நாள், என் பருத்த உடம்பை நினைத்துக் கூசி மூலையில் ஒதுங்கி நின்றேன். எனக்கு முன்பே அங்கே சேர்ந்திருந்த செல்விதான் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினாள். "இங்கன யாரும் சிரிக்க மாட்டாகக்கா. நீங்க குனிஞ்சு நிமிருங்க, நான் எண்ணுறேன்" என்றாள். பத்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். ஆறே மாதத்தில் நிமிர்ந்து நடக்கப் பழகிவிட்டேன்.

சென்ற மாதம் உறவினர் கல்யாணத்தில், பந்தி முடிந்து இலை எடுக்க வந்தவள் செல்வி! "அக்கா!" என்று சிரித்தாள்.

பக்கத்தில் நிலக்கோட்டை நாத்தனார். "யாரு மதினி இவ?"

"தெரியலையே" என்றேன்.

செல்வி என் எச்சில் இலையை எடுத்துப் போனாள்.

மறுநாள் ஜிம்மில் படுத்து எழும் பயிற்சிக்கு வழக்கம்போல் என் பாதங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினாள். மூன்றாவதற்கு என்னால் எழ முடியவில்லை. படுத்தபடியே அழுது மன்னிப்புக் கேட்டேன்.

இப்போதெல்லாம் எந்தப் பந்தியிலும் முதலில் அவளைத்தான் தேடுகிறேன். போன வாரம் ஒரு விசேஷத்தில் பார்த்ததும், "இவ என் ஜிம் சிநேகிதி" என்று நாத்தனாரிடம் சத்தமாகவே சொன்னேன்.

செல்விதான் பதறிப்போய், "மெதுவாக்கா... உங்க சொந்தக்காரக இருக்காக" என்றாள்.