ஆக்னஸின் வலது கன்னம்

பிரிசில்லா டாக்டர் இறந்துவிட்டார் என்று புதன்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, அவர் அறுவை சிகிச்சைக்காகக் கேட்டிருந்த தாடைப் படத்தைத்தான் ஸ்கேனைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தேன். இரணியல் ரயில் நிலையத்தில் மாரடைப்பு. போனை வைத்துவிட்டு மறுபடியும் வரைய உட்கார்ந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். தாடையைச் சீராக்கும் அறுவைக்கு மற்ற டாக்டர்கள் எல்லோரும் எலும்பின் படத்தைக் கேட்பார்கள். இவருக்கு மெல்லும் தசைகளும் முப்பரிமாணத்தில் வேண்டும். ஸ்கேனில் எலும்பு தானாகத் துலங்கிவிடும். தசையை ஸ்கேனின் ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்திலும் கையால் கோடிழுத்துப் பிரிக்க வேண்டும். கண் பூத்துப்போகும். எலும்பை வெட்டுகிறவருக்குக் கறி எதற்கு என்று ஒருநாள் சீண்டினேன்.

“எலும்ப நான் நகத்தி வச்சிருவேன் சார். தசைகிட்ட கேக்காம வச்சா, அது பழைய எடத்துக்கே இழுத்துட்டுப் போயிரும்” என்றார்.

ஆக்னஸுக்கு அதுதான் நடந்திருந்தது. கடற்கரைப் பெண், கல்லூரியில் படிக்கிறாள். வேறோர் ஊரில் சரிசெய்த தாடை வருடம் திரும்புவதற்குள் பழையபடி கோணிவிட்டது. பல்லோடு பல் சேராது, கஞ்சிதான் ஆகாரம். பிரிசில்லா தன் பையில் எப்போதும் வைத்திருக்கும் நேந்திரங்காய் சிப்ஸில் ஒன்றைக் கொடுத்து, அவள் கன்னங்களில் விரல் வைத்து, “கடி மக்கா” என்றார். எந்த நோயாளி வந்தாலும் முதலில் இதுதான். சிப்ஸ் உடையவில்லை. வலது தசைதான் இழுக்கிறது என்று அப்போதே என்னிடம் சொன்னார். பிறகு ஸ்கேனும் அதையே காட்டியது.

வெள்ளிக்கிழமை அறுவை என்று முடிவாகியிருந்தது. வியாழன் அடக்கம் முடிந்தது. ஆக்னஸுக்குச் சொல்ல வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலை போர்வையும் பிளாஸ்க்குமாக அம்மாவோடு ஆஸ்பத்திரியில் வந்து நின்றாள். நான்தான் சொன்னேன். அம்மா சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆக்னஸ் அழவில்லை.

“அப்போ நான் கஞ்சி குடிக்கட்டா சார்?” என்று கேட்டாள்.

அறுவைக்காக வெறும் வயிற்றோடு வந்திருந்தாள்.

படங்களைப் பெரிய ஊர் டாக்டர்களுக்கு அனுப்பினேன். எலும்புப் படம் மட்டும் போதும் என்கிறார்கள். முன்பு செய்ததையே மறுபடி செய்வார்கள், அது மறுபடி கோணும். எனக்கு ஆத்திரமாக வருகிறது, செத்துப்போனவர் மேலும்தான். இப்படிப் பாதியில் விட்டுப்போகலாமா?

அவர் மறந்துவைத்த சிப்ஸ் பொட்டலம் என் மேஜையில் நமுத்துக் கிடக்கிறது. அதுவும், கன்னத்தில் விரல் வைக்கும் அந்தப் பழக்கமும்தான் எனக்கு மிஞ்சியவை. நேற்று ஆக்னஸ் வந்திருந்தாள். விரல் வைத்து, “கடி மக்கா” என்றேன். வலப்பக்கம் இழுப்பது விரலில் தெரிந்தது. அதற்குப் பிறகு என்ன செய்வதென்று அவருக்குத்தான் தெரியும்.