உறைபனிக் காலையில் மூண்ட தீ

மெர்ல் டீட்மன் எங்கள் ஊர் தானியக் கிடங்கில் லாரிகளை நிறுக்கும் எடை மேடையைப் பார்த்துக்கொண்டவர். ஒக்லஹோமாவின் மேற்கு ஓரத்தில், ஆட்களைவிட மாடுகள் அதிகமுள்ள ஊர் எங்களுடையது. சம்பளம் கொடுத்துத் தீயணைப்புக்கு ஆள் வைக்க வசதியில்லை. புகை தெரிந்தால் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு நாங்களே வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவோம். அந்தக் கூட்டத்தில் மெர்ல்தான் மூத்தவர். பேச்சு குறைவு. மனைவி பிரிந்து டல்சாவுக்குப் போன பிறகு அதுவும் குறைந்தது. காப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பார், யாராவது கோதுமை விலை கேட்டால் வாய் திறப்பார்.

அந்த வருஷம் மார்ச் கடைசியில் வடக்கேயிருந்து குளிர்காற்று இறங்கியது. வானம் கறுத்து, இடித்து, மண் நனையும் அளவுக்குக்கூடப் பெய்யாமல் கிழக்கே போய்விட்டது. விடிந்தபோது எங்கும் உறைபனி. மாட்டுத் தொட்டியில் மெல்லிய பனித்தகடு. ரேடியோவில் அந்த வாரத்து நிலவரம் சொன்னார்கள். பின்னால் வருவது காய்ந்த காற்று, மதியத்துக்குள் ஈரம் சுத்தமாகப் போய்விடும், வடமேற்கிலிருந்து பலமாக வீசும், புல் இன்னும் பச்சை பிடிக்கவில்லை, வார இறுதிவரை மழை கிடையாது, வெளியில் குப்பை எரிப்பதோ வெல்டிங்கோ வேண்டாம். எங்கள் பக்கம் வசந்தம் இப்படித்தான் வரும், பனியும் தீயும் ஒரே நாளில்.

தீயணைப்பு நிலையத்துக்கு முன்னால் தீ அபாயத்தைக் காட்டும் பலகை உண்டு. அன்று காலை அதன் முள்ளைச் சிவப்புக்குத் திருப்பி வைத்தது மெர்ல்தான். விரல் மரத்துப்போகிறதென்று கையை ஊதிக்கொண்டே திருப்பினார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அன்று அவருக்குக் கிடங்கில் விடுப்பு. வீட்டுக்குப் போனவர், கொல்லைக் கேட்டின் கீல் துருப்பிடித்து இறுகியிருந்ததைப் பார்த்துக் கட்டிங் மெஷினை எடுத்து அறுத்தார். காற்று அப்போது எழவில்லை. குளிர்கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். இந்தக் குளிரில் என்ன பற்றிக்கொள்ளப் போகிறது என்றுதான் தோன்றியது என்று பின்னால் என்னிடம் சொன்னார். அப்படியும் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டார். வேலை முடிந்ததும் அதைச் சுற்றிலும் ஊற்றிவிட்டுச் சாப்பிட உள்ளே போனார். சற்றுத் தள்ளிக் கிடந்த காய்ந்த சாணிக்குள் ஒரு பொறி விழுந்து கனன்றுகொண்டிருந்தது அவர் கண்ணில் படவில்லை.

மதியம் காற்று எழுந்தது.

அவரேதான் போன் செய்தார். நாங்கள் வண்டியோடு போய்ச் சேர்ந்தபோது நனைத்த சாக்கால் புல்லை அடித்துக்கொண்டிருந்தார், புருவம் கருகியிருந்தது. தீ அதற்குள் வேலியைத் தாண்டி, அடுத்த நிலமான கிளெண்டா பால்ஸின் மேய்ச்சலுக்குள் புகுந்துவிட்டது. கிளெண்டா என்னோடு பள்ளியில் படித்தவள். கணவன் தவறிய பிறகு தனியாளாக மாடு வைத்து நடத்தினாள். அது கன்று போடும் பருவம். கிழப் பசுக்கள் சில தப்பி ஓடின. புதிதாகக் கன்று ஈன்றவை கன்றை விட்டு நகரவில்லை. சாயங்காலம் பச்சைக் கோதுமை வயலை எட்டிய பிறகுதான் தீ அடங்கியது. கிளெண்டாவின் வீடு தப்பியது. மாடுகள் பெரும்பாலும் வேலி மூலையில் முட்டிக்கொண்டு கிடந்தன.

மறுநாள் காலை எவை பிழைக்கும், எவை பிழைக்காது என்று கால்நடை டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். பிழைக்காதவற்றைச் சுட வேண்டியிருந்தது. கிளெண்டாவுக்குத் துணையாக நான் போனேன். கேட்காமலே மெர்லும் துப்பாக்கியோடு வந்தார். ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போனோம். பிறகு கிளெண்டா, யாரையும் பார்க்காமல், "எந்தப் பாவி என்னத்தக் கொளுத்துனானோ" என்றாள்.

மெர்ல் தொப்பியைக் கழற்றினார். "நான்தான், கிளெண்டா. கேட் கீல அறுத்தேன். பொறி விழுந்துருக்கு."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நேத்து ரேடியோ கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"பலகைய யாரு திருப்பி வெச்சது?"

"நான்தான்."

அவள் சட்டைப் பையிலிருந்த தோட்டாக்களை எடுத்து அவர் கையில் வைத்தாள். "ஓடைப் பக்கம் ரெண்டு பசு கெடக்கு. அதையும் நீங்களே முடிச்சிருங்க. என்னால ஆகல." சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

நான் போகிறேன் என்றேன். மெர்ல் வேண்டாமென்று தலையாட்டினார். சத்தம் கேட்டது. வெகுநேரமாகியும் ஆளைக் காணோமென்று போய்ப் பார்த்தால், வாந்தி எடுத்துவிட்டு அதன்மேல் பூட்ஸ் காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தார்.

அந்த வாரத் தீயணைப்புக் கூட்டத்தில் நடந்ததை எல்லோருக்கும் சொல்லி, தீயணைப்பு வண்டியின் சாவியை மேஜையில் வைத்தார். எங்கள் தலைவர் ராய்ஸ் சாவியைத் திருப்பித் தள்ளினார். "யாருக்கு வேணா நடக்கும், மெர்ல். எடுத்துக்குங்க."

"பலகையத் திருப்புனவனுக்கு நடக்கக்கூடாது" என்றார் மெர்ல். சாவியை எடுக்கவில்லை.

தீச்செய்தி கேட்டு நெப்ராஸ்காவிலிருந்து முகம் தெரியாதவர்கள் லாரி லாரியாக வைக்கோல் அனுப்பினார்கள். கிளெண்டாவின் களத்தில் அதை இறக்கியவர் மெர்ல்தான். அவள் தடுக்கவுமில்லை, பேசவுமில்லை. கோடை முழுக்க, கிடங்கு வேலை முடிந்ததும் போய் எரிந்த வேலியைப் புதிதாகப் போட்டார். அன்றன்று வேண்டிய கம்பியையும் கம்பத்தையும் அவள் கொண்டுபோய் இடத்தில் போட்டுவிட்டு, அவர் வருமுன் திரும்பிவிடுவாள்.

காப்பிக்கடையில் ஒருநாள், "மெர்ல் வர்றாரு, தீப்பெட்டிய ஒளிச்சு வைங்கப்பா" என்றான் ஒரு இளவட்டம். எல்லோரும் சிரித்தோம். மெர்லும் சிரித்தார். காப்பியைக் குடித்து முடித்தார். அதன் பிறகு அவர் அந்தக் கடைக்கு வரவில்லை.

மறுபடி மாடு வாங்கக் கிளெண்டாவால் முடியவில்லை. நிலத்தை டெக்சஸ்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மகள் இருக்கும் ஈனிட் நகரத்துக்குக் கிளம்பினாள். போகும் வழியில் மெர்ல் வீட்டு முன் வண்டியை நிறுத்தினாள். சாமான் ஏற்றிய இன்னொரு வண்டியோடு நான் பின்னால் இருந்தேன். அவர் வெளியே வந்து நின்றார்.

"வேலி நல்லாத்தான் போட்டுருக்கீங்க" என்றாள்.

"ம்."

"மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டுப் போகலாம்னுதான் நிறுத்துனேன். வாய் வரல, மெர்ல்."

"சொல்ல வேணாம். பத்திரமா போங்க."

அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். ஈனிட் போய்ச் சேரும்வரை ஒரே இழுப்பில் ஓட்டினாள். அங்கேதான் இரண்டு குளிர்காலம் கழித்து இறந்துபோனாள். அடக்கத்துக்கு மெர்ல் வந்திருந்தார், கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியேயே நின்றார்.

இப்போது அவர் கிடங்கு வேலையையும் விட்டுவிட்டார். குளிர்காற்று கடந்துபோன மறுநாள்களில் பிக்கப் வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்திக்கொண்டு, எங்காவது புகை தெரிகிறதா என்று காற்று தணியும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்றும் அப்படி ஒரு நாள். மதியம் என்னைப் போனில் கூப்பிட்டு, தெற்கே ஏதோ எழும்புகிறது என்றார். போய்ப் பார்த்தேன். சாலை போடுகிறவர்கள் கிளப்பிய புழுதி. அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். சரி என்றார். ஆனாலும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் காற்று இரைவதை மட்டும் கேட்டுக்கொண்டு நானும் நின்றிருந்தேன்.