வெளிச்சம் வராத கட்டு

வேலையிடத்தில் அவளுக்குப் பெயர் ஊசி. ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். வீடு வீடாக ஏறி இணைய இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவள், தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகளை ஒட்டவைக்கும் கைத்திறத்தால் இந்த நிலத்தடி ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்கே மாடிவீட்டு உயரத்துக்கு ஒரு கருவி. உள்ளே துகள்கள் மோதிச் சிதறும்போது பதிவாவதெல்லாம் ஒளியாக மாறி, இழைகள் வழியாக மேலே கணினி அறைக்குப் போகும். அந்த ஒளி ஒழுங்காக வந்து சேர்கிறதா என்று பார்ப்பது ஊசியின் அக்கா. தங்கை, வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. வேலைச் செய்திகூட யாராவது மூன்றாம் ஆள் மூலமாகத்தான் போகும்.

கருவியின் இரும்புக் கதவை மூடவேண்டிய அன்று காலை, ஒரு கட்டு இழையில் மட்டும் வெளிச்சம் வரவில்லை. மூடிவிட்டால் சில வருஷங்களுக்குத் திறக்க முடியாது. கருவிக்குள் போகும் ஒடுங்கிய சந்தில் நுழைய ஊசியை விட்டால் ஆளில்லை. மேலே கணினி அறையில் அக்காவும் மேற்பார்வையாளரும் கேட்க, காதில் பேசும் கருவியை மாட்டிக்கொண்டு மல்லாந்தபடியே உள்ளே ஊர்ந்தாள்.

"சார், முனையைத் துடைச்சாச்சு. வருதா?"

"இல்லன்னு சொல்லுங்க சார்." அக்காவின் குரல் கல்லாக இருந்தது.

விரலால் தடவிக்கொண்டே போனாள். குளிர்நீர்க் குழாய்க்குப் பின்னால் ஒரு இரும்புக் கவ்வி, அந்த இழைக்கட்டை அழுத்தி மடக்கியிருந்தது. பக்கத்துக் கட்டும் அதே கவ்விக்குள்தான். தளர்த்தினால் நன்றாக இருப்பதும் முறியலாம் என்று மேலே சொன்னாள்.

"விட்டுடும்மா, வெளிய வா," என்றார் மேற்பார்வையாளர். "இருக்கறதும் போயிடும்."

"சார், கொஞ்சம் பொறுங்க," என்றாள் அக்கா. பிறகு, தங்கையிடம் நேராகவே கேட்டாள்: "உனக்கு என்ன தோணுது? முடியுமா?"

"நீ பார்த்துச் சொன்னா முடியும்."

"சரி. செய்."

திருகாணி அசைந்தது. ஊசியின் தோள் மரத்துப்போய், வியர்வை கண்ணில் இறங்கியது.

"நிறுத்து! பக்கத்துக் கட்டுல ஒளி குறையுது. மூச்சு விடாத! இல்ல, மூச்சு விடு, கையை மட்டும் அசைக்காத!"

ஊசி அப்படியே உறைந்தாள். கையை எடுக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது.

"இடது பக்கம் கொஞ்சம் தள்ளு."

"என் இடதா, உன் இடதா?"

"உன் இடதுடி!"

நகம் அளவுக்குத் தள்ளினாள்.

"ஏறுது... பக்கத்துக் கட்டு சரியாயிடுச்சு. இருட்டுக் கட்டும் வந்துடுச்சு. ஒரே ஒரு இழை மட்டும் செத்துக்கிடக்கு."

"அது முறிஞ்சிருக்கும்கா."

"ஒண்ணு போனாப் போகட்டும், மூடலாம்," என்றார் மேற்பார்வையாளர்.

வெளியே வந்தவளுக்கு விரலெல்லாம் வியர்வையில் வழுக்கியது. தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்க முடியவில்லை. கீழே இறங்கி வந்திருந்த அக்கா அதை வாங்கித் திறந்து கொடுத்தாள்.

"அன்னைக்கு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்," என்று அக்கா ஒத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக அக்கா தங்கை வீட்டுப் படியேறினாள். மாப்பிள்ளையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தட்டில் வைத்ததில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை.